‘வைகை’ என்று தட்டிப் பாருங்கள்: தமிழ் எழுத்தை அசைக்க ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தேறுமா?

கல்யாண மண்டபத்து எல்இடி திரையில் மணமக்கள் பெயர், ஜிகர்தண்டா கடைக்கு ஸ்டேட்டஸ் வீடியோ, சித்திரைத் திருவிழா நேரலைக்குத் தலைப்பு. மதுரையில் மோஷன் கிராபிக்ஸ் (எழுத்தையும் படத்தையும் திரையில் அசைய வைக்கும் வேலை) கற்றுக்கொண்டு வருகிறவருக்கு முதலில் கிடைக்கும் வேலைகள் இவைதான். மூன்றிலும் அசைய வேண்டியது தமிழ் எழுத்து. ஆனால் வகுப்பிலும் யூடியூப் பாடங்களிலும் பயிற்சி முழுக்க ஆங்கில எழுத்தில்தான் நடக்கிறது. அங்கே பத்து நிமிடத்தில் அழகாக வந்தது, தமிழைப் போட்டதும் காலும் கொம்பும் திசைக்கொன்றாகச் சிதறி நிற்கும்.

ஆகவே இந்த விமர்சனம் ஒரே கேள்வியைப் பற்றியது: தமிழ் எழுத்தை உயிரோட்டமாக அசைக்க, அடோபி நிறுவனத்தின் ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளைக் கற்பது தகுமா? தகும். ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற டெக்ஸ்ட் ப்ரீசெட்டுகள் என்ற ஆயத்த அசைவுகளுக்காக இல்லை. அசைவின் வேகத்தை வளைகோடாகத் திருத்தும் கிராஃப் எடிட்டருக்காகவும், எழுத்தை வெறும் வடிவமாகக் கையாளும் ஷேப் லேயருக்காகவும் மட்டுமே தகும்.

சிக்கலின் வேர்

இந்த மென்பொருள் 1993-ல் அமெரிக்காவின் ராட் ஐலண்டில் ஒரு சின்ன நிறுவனத்தில் பிறந்தது. அங்கிருந்து ஆல்டஸ் நிறுவனத்திடம் போய், 1994-ல் அடோபி கைக்கு வந்தது. அதன் டெக்ஸ்ட் அனிமேட்டர் ‘கேரக்டர்’ என்பதை அலகாக வைத்து யோசிக்கிறது. ரோமன் எழுத்துக்கு அது சரி. ஒரு விசை, ஒரு வடிவம், ஒரு எழுத்து என்று மூன்றும் ஒன்றாகவே இருக்கும்.

தமிழில் அப்படி இல்லை. ‘மதுரை’ கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்துக் குறியீடான யூனிகோடில் அது ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என்று ஐந்து குறி. ‘மீனாட்சி’ நான்கு எழுத்து, எட்டுக் குறி. ‘ஜிகர்தண்டா’ ஆறு எழுத்து, பத்துக் குறி. ‘வைகை’தான் நல்ல சோதனைச் சொல். இரண்டே எழுத்து, நான்கு குறி. அதிலும் ஐகாரக் குறி சேமிப்பில் மெய்க்குப் பின்னால் இருக்கும், திரையில் முன்னால் வர வேண்டும். மென்பொருளுக்குத் தமிழ் வடிவமைப்பு தெரியுமா தெரியாதா என்பதை இந்த ஒரு சொல் ஒரு நொடியில் காட்டிக் கொடுத்துவிடும். ‘கொ’, ‘ஸ்ரீ’, ‘க்ஷ’ மூன்றையும் கூடவே தட்டிப் பாருங்கள். ‘கொ’வில் குறி இரு பக்கமும் பிரிந்து நிற்கும். ‘ஸ்ரீ’ நான்கு குறி சேர்ந்து ஒரே வடிவம்.

எனவே மென்பொருளைத் திறந்ததும் முதல் வேலை: ப்ரிஃபரன்சஸில் டைப் பகுதிக்குப் போய், எழுத்தை வடிவமாக்கும் டெக்ஸ்ட் இன்ஜின் எதில் இருக்கிறது என்று பாருங்கள். ‘லத்தீன்’ என்று இருந்தால் ‘சவுத் ஏஷியன் அண்ட் மிடில் ஈஸ்டர்ன்’ என்று மாற்றிவிட்டு, மென்பொருளை மூடித் திறந்து, புதிய டெக்ஸ்ட் லேயரில் தட்டுங்கள். பழைய லேயரை வைத்துக்கொண்டு ‘மாற்றியும் வரவில்லையே’ என்று மண்டையை உடைக்க வேண்டாம். பதிப்பைப் பொறுத்து இந்த மெனுவின் தோற்றம் மாறும். மெனு எப்படி இருந்தாலும் ‘வைகை’ சரியாக வருகிறதா என்பதே கணக்கு. அடோபியின் வீடியோ எடிட்டிங் மென்பொருளான பிரீமியர் ப்ரோவிலும் இதே அமைப்பு கிராபிக்ஸ் பகுதியில் தனியாக உண்டு. நீங்கள் செய்து கொடுத்த டெம்ப்ளேட்டை எடிட்டர் அங்கே திறந்து பெயரை மாற்றும்போது கொம்பு இடம் மாறினால், பழி உங்கள் மேல்தான் விழும். அதனால் அந்த அமைப்பையும் ஒரு வரி எழுதிச் சேர்த்து அனுப்புங்கள்.

டெக்ஸ்ட் அனிமேட்டர்: பாதி மார்க்

எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கீழிருந்து எழும்பி வரும் அடிப்படை அசைவுக்கு வழி இதுதான். டெக்ஸ்ட் லேயரில் அனிமேட் அழுத்தி பொசிஷன், ஒப்பாசிட்டி இரண்டையும் சேருங்கள். பொசிஷனில் இரண்டாவது எண்ணை 80 ஆக்கி, ஒப்பாசிட்டியை 0 ஆக்குங்கள். ரேஞ்ச் செலக்டரின் அட்வான்ஸ்டு பகுதியில் ஷேப்பை ‘ராம்ப் அப்’ ஆக மாற்றி, ஆஃப்செட்டை மைனஸ் 100-லிருந்து 100 வரை கீஃப்ரேம் (எந்த நேரத்தில் எந்த மதிப்பு என்ற குறி) போடுங்கள். ஈஸ் லோவை 100-க்கு ஏற்றினால் எழுத்து தடாலென்று நிற்காமல் மெதுவாக அமரும். ஆங்கிலத்துக்கு வேலை இதோடு முடிந்தது.

தமிழுக்கு அங்கேயே ‘பேஸ்டு ஆன்’ என்று ஒரு வரி இருக்கிறது. கேரக்டர்ஸ், வேர்ட்ஸ், லைன்ஸ் என்று அதில் தேர்வுகள் உண்டு. வேர்ட்ஸும் லைன்ஸும் தமிழில் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். கேரக்டர்ஸை நம்பி வேலை ஒப்புக்கொள்ள வேண்டாம். உங்கள் பதிப்பும் உங்கள் ஃபான்ட்டும் சேர்ந்து ‘கொ’வை முழுதாக நகர்த்துகிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

நகர்த்தவில்லை என்றால் எளிய குறுக்கு வழி ஒன்று உண்டு. எழுத்துகளுக்கு இடையே இடைவெளி விட்டு ‘ஜி க ர் த ண் டா’ என்று தட்டுங்கள். ‘பேஸ்டு ஆன்’ வேர்ட்ஸுக்கு மாறட்டும். மென்பொருளுக்கு இப்போது ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஒரு சொல். பிறகு அந்த இடைவெளியை மட்டும் தேர்ந்தெடுத்து எழுத்தளவை 1 ஆக்கினால் சொல் மறுபடி நெருங்கிவிடும். ஒரு இடைவெளியைச் சிறிதாக்கிக்கொண்டு, மற்ற இடங்களில் அதையே காப்பி செய்து ஒட்டுவது வேகம். இங்கே பலரும் சறுக்குவது, எழுத்திடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் ட்ராக்கிங்கில். சோம்பலில் மொத்தச் சொல்லுக்கும் ட்ராக்கிங்கைக் குறைத்தால் கொம்பும் காலும் பக்கத்து எழுத்தின் மேல் ஏறி உட்கார்ந்துவிடும்.

இன்னொரு சறுக்கல் இதைவிட மோசம். ஸ்கேல் அல்லது ரொட்டேஷன் சேர்த்தால், வேர்ட்ஸ் என்று வைத்த பிறகும் ‘கொ’வின் மூன்று துண்டும் தனித்தனியாகச் சுழலும். காரணம், மோர் ஆப்ஷன்ஸில் ஆங்கர் பாயின்ட் குரூப்பிங் இன்னும் கேரக்டரில் இருப்பதுதான். அதையும் வேர்டுக்கு மாற்ற வேண்டும். ‘எல்லாம் சரியாத்தானே வச்சேன்’ என்று புலம்புகிற பத்தில் பல பேர் மறந்திருப்பது இந்த ஒரு இடத்தை.

இந்த இடைவெளி வித்தை இந்திக்கு உதவாது. மேற்கோடு அறுந்து தொங்கும். தமிழ் எழுத்துகள் ஒன்றையொன்று தொடாமல் நிற்பதால்தான் நமக்கு இது வாய்க்கிறது. ‘ஸ்ரீ’யையும் ‘க்ஷ’வையும் மட்டும் நடுவில் பிரிக்காதீர்கள்.

பாமினி ஃபைல் வந்தால்

ஃப்ளெக்ஸ் கடையிலிருந்து வரும் வாசகம் பெரும்பாலும் பாமினி போன்ற பழைய குறியீட்டு ஃபான்ட்டில் இருக்கும். அது ரோமன் விசைகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட ஏற்பாடு. டெக்ஸ்ட் இன்ஜின் எதுவானாலும் எழுத்து சரியாகத் தெரிவதால் ‘இதுவே நல்லாருக்கே’ என்று தோன்றும். ஆனால் ‘கொ’ அங்கே உண்மையிலேயே மூன்று தனி எழுத்து. கேரக்டர் அசைவு கொடுத்தால் நிச்சயமாகப் பிய்யும். அந்த ஃபான்ட் இல்லாத கணினியில் திறந்தால் தமிழே இருக்காது, ரோமன் குப்பைதான் மிஞ்சும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ‘ஔ’ வரும் இடங்களையும், காலுக்கும் ‘ர’வுக்கும் குழப்பம் வரும் இடங்களையும் கண்ணால் ஒருமுறை படியுங்கள்.

ஃபான்ட் என்றால் இலவசத்திலேயே நல்லவை உண்டு. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரான், பலூ தம்பி நான்கும் அசைவுக்குத் தாங்கும். ஊர்ப்பெயரையே தாங்கிய ஹிந்த் மதுரை, லைட்டிலிருந்து போல்டு வரை ஐந்து எடையில் கிடைக்கிறது. செய்தித் தலைப்புக்கு அதுவே போதும். அரிமா மதுரை வளைவாக, கொஞ்சம் கொண்டாட்டமாக இருக்கும். காதணி விழாவுக்கு எடுக்கலாம், கண்ணீர் அஞ்சலிக்கு எடுக்காதீர்கள்.

வாடிக்கையாளர் ‘பழைய சினிமா டைட்டில் மாதிரி, துதிக்கை போட்ட லை வேணும்’ என்று கேட்டால் அது வேறு வேலை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அந்த வடிவத்துக்கும் இன்றைய ‘லை’க்கும் யூனிகோடில் குறி ஒன்றுதான். எந்த வடிவம் தெரியும் என்பது ஃபான்ட்டின் கையில். பெரும்பாலான ஃபான்ட்களில் புதிய வடிவம் மட்டும் இருப்பதால் பென் டூலில் வரைந்துகொள்வதே வழி.

ஷேப் லேயர்: இங்கேதான் காசு

நம்பகமான வழி இதுதான். டெக்ஸ்ட் லேயரில் வலது கிளிக் செய்து ‘கிரியேட் ஷேப்ஸ் ஃப்ரம் டெக்ஸ்ட்’ கொடுங்கள். ஒவ்வொரு வடிவமும் தனிக் குரூப்பாக ஒரு ஷேப் லேயரில் வந்து நிற்கும். கொம்பு, மெய், கால் மூன்றையும் தேர்ந்தெடுத்து ஒரே குரூப்பாக்கி, ‘கொ’ என்று பெயர் வையுங்கள். எது எழுத்து என்பதை இப்போது நீங்கள் முடிவு செய்கிறீர்கள், மென்பொருள் இல்லை. இல்லஸ்ட்ரேட்டர், இங்க்ஸ்கேப் போன்ற வரைகலை மென்பொருளில் அவுட்லைன் (வெறும் கோட்டு வடிவம்) ஆக்கிக் கொண்டுவந்தாலும் இதே பிரிப்பு வேலை உண்டு. பத்து எழுத்துச் சொல்லுக்கு ஐந்து நிமிடம் பிடிக்கும். எழுத்துப்பிழை திருத்த வந்தால் அந்த ஐந்து நிமிடம் மறுபடியும் போகும். அதனால் வாசகத்தை வாட்ஸாப்பில் எழுத்து மூலம் உறுதி வாங்காமல் ஷேப்பாக மாற்றாதீர்கள். மூல டெக்ஸ்ட் லேயரையும் அழிக்காமல், அதன் கண் குறியை அணைத்து வையுங்கள்.

இந்த வழியின் தனி லாபம் புள்ளி. பல ஃபான்ட்களில் ‘ழ்’ புள்ளியோடு சேர்ந்த ஒரே வடிவம். ஷேப்பாக மாறியதும் புள்ளி தனிப் பாதையாகக் கைக்கு வரும். ‘தமிழ்’ அமர்ந்து 6 ஃபிரேம் (ஏறத்தாழ கால் நொடி) கழித்துப் புள்ளி மேலிருந்து விழுந்து ஒரு துள்ளு துள்ளினால், ரோமன் எழுத்தில் வாய்க்காத ஒரு சந்தோஷம் அது. இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. புள்ளி விழும் வரை அது வேறு சொல். ‘கல்’ அதுவரை ‘கல’ என்றே வாசிக்கப்படும். அரை நொடிக்கு மேல் காக்க வைக்காதீர்கள்.

கையால் எழுதுவது போன்ற அசைவில்தான் தமிழ் நன்றாகப் பழிவாங்கும். எழுத்தின் நடுவே பென் டூலால், கை எழுதும் வரிசையிலேயே ஒரு பாதை வரைய வேண்டும். அதன் ஸ்ட்ரோக்கை எழுத்தின் மிகத் தடித்த இடத்தைவிடச் சற்று அகலமாக்கி, பாதையை வேண்டிய அளவு மட்டும் காட்டும் ட்ரிம் பாத்ஸில் எண்டை 0-லிருந்து 100-க்கு ஓட்டி, அந்த லேயர் மூடும் இடத்தில் மட்டும் எழுத்து தெரியும்படி அதை ஆல்ஃபா மேட்டாகக் கொடுப்பது முறை. ‘ப’, ‘ட’ போன்றவை சொன்னபடி கேட்கும். மூன்று சுழி ‘ண’விலும் ‘இ’யிலும் கோடு தன்னையே கடக்கும் இடத்தில், இன்னும் எழுதாத பகுதியின் ஒரு துண்டு முன்கூட்டியே எட்டிப் பார்க்கும். ஸ்ட்ரோக் அகலத்தைக் குறைத்துச் சரிசெய்யப் பார்த்தால் விளிம்பு கடித்தது போல் தெரியும். சரியான வைத்தியம், கடக்கும் இடத்தில் எழுத்தை இரண்டு துண்டாக வெட்டுவது. துண்டுக்கு ஒரு மேட், துண்டுக்கு ஒரு பாதை. முதல் பாதை முடிகிற ஃபிரேமிலேயே இரண்டாவது தொடங்க வேண்டும். ஒரு ஃபிரேம் தள்ளினாலும் பேனா தடுக்கியது போல் இருக்கும். சில வகுப்புகளில் இதற்கும் ப்ரீசெட் இருப்பதாகச் சொல்வார்கள். ‘ண’ எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

கிராஃப் எடிட்டரும் நேரக் கணக்கும்

முழு மார்க் இதற்குத்தான். கீஃப்ரேமைத் தேர்ந்து எஃப்9 அழுத்தினால் வரும் ஈசி ஈஸின் இன்ஃப்ளூயன்ஸ் (வேக மாற்றம் எவ்வளவு தூரம் பரவும் என்ற அளவு) 33.33 விழுக்காடு. பழகாத கை விட்டுப்போன வேலை எதையும் இந்த எண்ணை வைத்தே கண்டுபிடித்துவிடலாம், எல்லாம் ஒரே சோம்பல் அசைவாக இருக்கும். அமரும் பக்கத்தை 75–80-க்கு இழுத்தாலே வேகமாக வந்து நிதானமாக நிற்கும். துள்ளல் வேண்டுமானால் ஸ்கேலை 0, 108, 100 என்று மூன்று கீஃப்ரேமில் வையுங்கள். 115-ஐத் தாண்டினால் சோடா பாட்டில் விளம்பரமாகிவிடும்.

ஆங்கிலப் பாடத்தில் சொல்லும் நேரக் கணக்கைத் தமிழுக்கு அப்படியே எடுக்க முடியாது. எழுத்துக்கு எழுத்து 3 ஃபிரேம் இடைவெளி என்பார்கள். ‘வந்துகொண்டிருக்கிறார்கள்’ 13 எழுத்து. முதல் எழுத்துக்கும் கடைசி எழுத்துக்கும் நடுவே 36 ஃபிரேம். கடைசி எழுத்து அமர 10 ஃபிரேம் சேர்த்தால் 46. நொடிக்கு 25 ஃபிரேமில் இது 1.84 நொடி, ஒரே சொல்லுக்கு! பின்னணிக் குரல் அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருக்கும். ஏழெட்டு எழுத்தைத் தாண்டினால் இடைவெளி 1 ஃபிரேம் போதும், அல்லது சொல்லாக அசையுங்கள்.

அசைவில் குறில் நெடில் குழப்பம் வேறு. ‘கொடி’க்கும் ‘கோடி’க்கும் வித்தியாசம் கொம்பின் ஒரு சுழிதான். மோஷன் பிளர் (அசைவு மங்கல்) போட்டு வேகமாக ஓட்டினால் சித்திரைத் திருவிழாக் கொடியேற்றம் கோடியேற்றமாகத் தெரியும். எ–ஏ, ஒ–ஓ, கி–கீ எல்லாம் இந்த ஜாதிதான். பிளருக்கான ஷட்டர் ஆங்கிள் இயல்பில் 180 பாகை. அதை 90-க்கு இறக்கி, சொல் அசையாமல் நிற்கும் நேரத்தைக் கூட்டுங்கள். சத்தமாக ஒருமுறை வாசிக்கும் நேரம் கட்டாயம் நிற்க வேண்டும்.

வரி இடைவெளியும் அப்படியே. ஆட்டோ லீடிங் எழுத்தளவில் 120 விழுக்காடு. மேல்வரியின் ‘ழ’, ‘ஞ’ கீழே தொங்க, கீழ்வரியின் ‘கீ’ மேலே முட்டும். 140-லிருந்து 150 வரை கொடுங்கள். கோட்டுக்குக் கீழிருந்து எழுத்து எழும்பும் மாஸ்க் அசைவில் புள்ளி வெட்டுப்பட்டால், ஆங்கிலப் பெரிய எழுத்தின் உயரத்துக்கு மாஸ்க் வரைந்திருக்கிறீர்கள் என்று அர்த்தம்.

திரைக்குப் போகும்போது

மண்டபத்து எல்இடி சுவருக்கு ‘ஃபோர்கே’ ஃபைல் கொடுத்துப் பெருமைப்பட ஒன்றுமில்லை. 12 அடி அகலச் சுவர், பி3 என்றால் புள்ளிக்குப் புள்ளி 3 மில்லிமீட்டர். மொத்த அகலமே ஏறத்தாழ 1,219 புள்ளி. ஆபரேட்டரிடம் நீள அகலத்தைப் புள்ளிக் கணக்கில் கேட்டு, அதே அளவில் காம்ப் (அசைவை அமைக்கும் பரப்பு) திறவுங்கள். 2 புள்ளி தடிமனுள்ள மெல்லிய கோடு அங்கே மினுமினுக்கும், 4-க்குக் கீழே போகாதீர்கள். நேரலைத் தலைப்புக்குப் பின்னணி இல்லாமல் வேண்டும். குயிக்டைம் ப்ரோரெஸ் 4444, சேனல்ஸில் ஆர்ஜிபி பிளஸ் ஆல்ஃபா. எச்.264-ல் அனுப்பினால் கறுப்புப் பெட்டிதான் வரும்.

வேலையை மொத்தமாகக் கட்டித் தரும் கலெக்ட் ஃபைல்ஸ் கட்டளை படம், ஒலி எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டும், ஃபான்ட்டைச் சேர்க்காது. அதைத் தனி ஃபோல்டரில் நீங்களே போடுங்கள்.

செலவும் மாற்றும்

ஆஃப்டர் எஃபெக்ட்ஸுக்கு வாடகைச் சந்தா மட்டும்தான், மொத்தமாக வாங்க முடியாது. இதுதான் பெரிய குறை. மாதத் தவணையில் கட்டும் வருட ஒப்பந்தத்தைப் பலர் மாதச் சந்தா என்று நினைத்துச் சேர்ந்துவிடுகிறார்கள். 14 நாளுக்குப் பின் நடுவில் நிறுத்தினால் மிச்சத் தொகையில் ஒரு பகுதியைக் கட்ட வேண்டும். ரேம் குறைந்தது 16 ஜிபி. அடோபி பரிந்துரைப்பது 32. சித்திரை வெயிலில் மின்விசிறிக்குக் கீழே லேப்டாப்பில் ரெண்டர் போட்டால் சூட்டில் வேகம் விழும். மெத்தை மேல் வைக்காமல், அடியில் காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள்.

காசு தடையென்றால் டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில், அசைவு வேலைக்கான ஃபியூஷன் பக்கம் இருக்கிறது. அங்கே டெக்ஸ்ட் பிளஸில் ஃபாலோயர் சேர்த்து டிலே கொடுத்தால் எழுத்துக்கு எழுத்து அசைவு வரும். கிராஃப் எடிட்டரும் உண்டு. தமிழுக்கு அங்கேயும் அதே ‘வைகை’ சோதனைதான். தேறாவிட்டால் இங்க்ஸ்கேப்பில் எழுத்தை அவுட்லைன் ஆக்கிக் கொண்டுபோகலாம். போனில் அலைட் மோஷன் செயலியில் கீஃப்ரேமும் வளைவும் பழகிவிட்டு வருகிற பிள்ளைகள், வகுப்பில் மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். அதை மட்டமாக நினைக்க வேண்டாம்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸின் இலவசச் சோதனை ஏழு நாள். முதல் நாள் டெக்ஸ்ட் இன்ஜினையும் ‘வைகை’யையும் பாருங்கள். அடுத்த இரண்டு நாள் இடைவெளி வித்தை. நான்காம் நாள் ‘தமிழ்’ புள்ளி விழ வேண்டும். மிச்ச மூன்று நாளும் ‘ண’வுக்கு. வகுப்பில் சேரப் போகிறவர் பணம் கட்டுவதற்கு முன் மாஸ்டரிடம் ‘கொடியேற்றம்’ என்று ஒரு சொல்லைக் கொடுத்து, எழுத்து எழுத்தாக அசைத்துக் காட்டச் சொல்லுங்கள். அவர் கை முதலில் ‘பேஸ்டு ஆன்’ பக்கம் போகிறதா, ப்ரீசெட் பக்கம் போகிறதா என்று கவனியுங்கள்.